பின்வாசல் வழியே போன அமைச்சர்

எங்கள் அருப்புக்கோட்டை விசைத்தறிச் சங்கத்தின் செயலாளர் அவர். ஒல்லியான மனிதர். நூல் விலையைக் குறைக்கக் கேட்டு அமைச்சரைப் பார்க்கச் சென்னை போகும்போதெல்லாம், எங்களில் ஒருவர் நெய்த சால்வையைத்தான் கொண்டுபோவார். "நம்ம வேலையத் தொட்டாவது பாக்கட்டும்" என்பார். போர்த்தியதும் போட்டோவுக்காக அமைச்சர் பக்கத்தில் விறைப்பாக நிற்பார்.

கடைசி முறை சால்வையோடு திரும்பி வந்தார்.

"என்னண்ணே, மந்திரியப் பாக்கலையா?" என்றேன்.

"பொழுதுக்கும் உக்காந்திருந்தேன்யா. பின்வாசல் வழியாப் போயிட்டாக."

அந்தச் சால்வையை நெய்தவர், நூல் வாங்க வழியில்லாமல் அந்த வாரமே உயிரை மாய்த்துக்கொண்டார். செயலாளர் மாலை கொண்டுவரவில்லை. பையிலிருந்து சால்வையை எடுத்து உடலின்மேல் போர்த்தினார். பிறகு பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

அது பழக்கமா, கோபமா என்று அவரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.