கார்டின் பின்பக்கத்து மூன்று எண்கள்

தேங்காய்ப்பட்டணத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், பாதி ஊரின் ஏ.டி.எம். கார்டு ரகசியம் என் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் கணவர்களுக்கு விமான டிக்கெட் போடப் பெண்கள் வருவார்கள். கார்டின் பின்பக்கத்து மூன்று எண்களை, மீனுக்கு விலை பேசுகிற குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள்.

"அதை யாருகிட்டயும் சொல்லக்கூடாது. நீங்களே தட்டுங்க" என்று கீபோர்டை நகர்த்திக் கொடுப்பேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னவாம்?" என்று சிரிப்பார்கள்.

ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இத்தனை பேர் நம்புகிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி ஐந்து வருடமாக என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். கணவன் துபாயில் டிரைவர். ஒருநாள் அவள் கணக்கில் வீட்டுக்குக் கான்கிரீட் போட வைத்திருந்த பணம் மொத்தமும் காணாமல் போனது. கார்டின் அந்த மூன்று எண் வேறு யாருக்குத் தெரியும் என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். அவள் என்னைச் சொன்னாள். அதில் பொய் இல்லை. எனக்குத் தெரியும்தானே.

காலையில் கூட்டிப்போய் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். சாலையில் போன தெரிந்த முகங்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போயின. கொலைக் குற்றவாளிகூட இப்படிக் கூசியிருக்க மாட்டான்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் அவளுடைய செல்போனை வாங்கிப் பார்த்தார். தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு இருந்தது. யார் என்று கேட்டார்.

"பேங்க்ல இருந்து சார். கார்டு பிளாக் ஆவும்னு சொன்னாவ. நல்ல மரியாதையாட்டு பேசினாவ."

"பின்னாடி இருக்கிற நம்பரைக் கேட்டானா?"

"கேட்டாவ. மெசேஜ்ல வந்த நம்பரையும் கேட்டாவ. பேங்குக்காரங்க கேட்டா சொல்லாண்டாமா சார்?"

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நீ போ" என்றார். அவ்வளவுதான்.

நான் ஸ்டேஷனுக்குப் போன செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது. திரும்பி வந்த செய்தி எங்கேயும் போகவில்லை. அதன்பிறகு என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். டிக்கெட் போட பஸ் ஏறி மார்த்தாண்டம் போனார்கள். யாரிடம் போய் விளக்குவது? சொல்லிச் சொல்லி ஏற்கெனவே களைத்தவன் நான்.

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். கணவனுக்கு லீவு கிடைத்திருந்தது. கையில் புது கார்டு. பெயர், தேதி எல்லாம் நிரப்பினேன். மூன்று எண் கேட்கிற கட்டம் வந்ததும், பழக்கத்தில் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன்.

"அண்ணன் கொஞ்சம் அங்கோட்டு திரும்பி நில்லுங்க" என்றாள்.

திரும்பி நின்றேன். எதிரே சுவரில் நான் ஒட்டிய காகிதம், ஓரம் பழுத்துப்போய். முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் மூன்று தடவை கேட்டது. நான் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனது இதற்காகத்தான். அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

"ஆச்சு அண்ணே, திரும்புங்க" என்றாள்.

என்னால் உடனே திரும்ப முடியவில்லை.