பகலில் வந்த அம்மா

என் இடது தோளில் ஜெயராணியின் தலைக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. கடலூர் முதுநகரில் காலை ரயில் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். சிதம்பரம் வந்ததும் நான் இடுப்பில் ஓர் இடி இடிப்பேன். "வந்துடுச்சாக்கா?" என்று எழுந்து, கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அவள் நர்சிங் காலேஜுக்கு, நான் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்க.

என் பெயர் விருத்தாம்பாள். இந்தப் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்து குடியேறிவிட்டது. ஆனால் ஜெயராணியிடம் மட்டும் அது பலிக்காது. தூங்குகிறவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

அவள் தூக்கத்தில் பேசுவாள். "வாயத் தொறங்க ஐயா, நாக்குக்கு அடியில வச்சுக்குங்க" என்பாள். எதிர் சீட்டில் இருப்பவர் பயந்துபோய் வாயைத் திறப்பார். ஒருநாள் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே பரங்கிப்பேட்டை வரை வந்தாள். விழித்ததும் கனவுகளைச் சொல்வாள். வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை முழுக்க வெள்ளைக் கட்டில் போட்டிருக்கிறதாம். ஒவ்வொரு கட்டிலிலும் அவள் மகள் சுவேதா படுத்திருக்கிறாளாம். இவள் ஒவ்வொரு சுவேதாவாகக் காய்ச்சல் பார்த்துக்கொண்டே போகிறாளாம், கொல்லை முடியவே இல்லையாம். இன்னொரு நாள் வெள்ளாற்றுத் தண்ணீரின் மேல் வார்டு மிதந்து போனது. நோயாளிகள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் வலியே இல்லை என்றாள். அவள் சொல்லச் சொல்ல, வெளியே பனியில் நிற்கும் சவுக்குத் தோப்புகூட அவள் கனவின் மிச்சம்தானோ என்று எனக்குத் தோன்றும். நான் கனவு காண்கிற ஜாதி இல்லை. அவளுடைய கனவுகளை ஓசியில் கண்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அவள் வீட்டு முன்னறையில் அவள் கணவன் அன்பரசு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம், அடுத்து சுவேதா. பிள்ளை நடை பழகியபோதுதான் நர்சிங் சீட் கிடைத்தது. தெருவே மோவாயில் கை வைத்தது. "புருஷன் புள்ளைனு ஆன பெறவு என்னாத்துக்கு இந்தப் படிப்பு?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அன்பரசு மட்டும், "நீ போ ராணி, புள்ளைய நான் பாத்துக்குறேன்" என்றான். சொன்னபடி பார்த்துக்கொண்டான். அவன் பின்னும் சடை மட்டும் காயில் சுற்றியது போல இருக்கும்.

அந்தப் படிப்பு ஆளைச் சக்கையாகப் பிழிகிற படிப்பு. காலையில் வார்டு, பிறகு வகுப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். வார்டில் நிற்க வேண்டிய மணி நேரத்தில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. சுவேதாவுக்கு அம்மை போட்டபோது இவள் வீட்டில் இருந்துவிட்டாள். அந்த நாட்களை ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்று ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். பிள்ளைக்காக எடுத்த லீவைப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே கழித்துக்கொண்டார்கள். அது நியாயம்தானாம், எல்லோருக்கும் அதே சட்டம்தானாம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆக, ஞாயிறும் கையைவிட்டுப் போன அந்த மாதங்களில் அவள் கிளம்பும்போதும் சுவேதா தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளையைப் போல ஒரு சமத்தைப் பார்க்க முடியாது என்பது தெருவின் பேச்சு. விளக்கு வைத்ததும் தானே பாயை உருட்டிப் போட்டுப் படுத்துவிடும். தாலாட்டு வேண்டாம், கதை வேண்டாம். ஜெயராணி வந்ததும் பாயருகே மண்டியிட்டு, அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் செய்வது போலவே போர்வை மூலையை மடித்துச் செருகுவாள். அது பாதிக் கண் திறந்து சிரித்துவிட்டு மறுபடி தூங்கிப்போகும்.

"எழுப்பட்டா?" என்பான் அன்பரசு.

"வேணாம் மாமா. தூங்கட்டும்."

ஆனி மாதம் எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் புது டீச்சர் வந்தார். கொளஞ்சியம்மாள் என்று பெயர், அண்ணாகிராமம் பக்கம். நல்ல மனுஷி. கண்ணில் எப்போதும் தண்ணீரைத் தயாராக வைத்திருப்பவர். பிள்ளைகளிடம் அம்மா அப்பா பேரெல்லாம் கேட்டிருக்கிறார். சுவேதா, "எங்கம்மா கனவுல வருவாங்க. முத்தம் குடுப்பாங்க. டெட்டால் வாசன வரும். அப்பறம் போயிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறது.

டீச்சர் மேற்கொண்டு யாரையும் விசாரிக்கவில்லை. கோணல் சடையையும் பித்தான் இல்லாத கவுனையும் பார்த்தார், வாய் பேசாமல் கொண்டுவந்து விடுகிற அப்பனைப் பார்த்தார், தாயில்லாப் பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் சுவேதாவின் தட்டில் இன்னொரு முட்டை விழுந்தது. அது டீச்சர் தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டு வந்த முட்டை.

முட்டையோடு நின்றிருந்தால் தேவலை. ஒரு சாயங்காலம் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு அன்பரசுவின் கடைக்கு வந்துவிட்டார். "தம்பி, எங்க அண்ணன் பொண்ணு ஒன்னு இருக்குது. தங்கமான கொணம். ஒங்களுக்கு வேணான்னாலும் இந்தப் புள்ள மொகத்தயாவது பாக்கணும் இல்லியா?" என்றிருக்கிறார். அன்பரசுவுக்கு ஏதோ வேலைக்கு ஆள் சேர்க்கச் சொல்கிறார் போல என்று நினைப்பு. "என் சம்சாரம் வரட்டும், கேட்டு சொல்றேங்க" என்றானாம். அந்தம்மா அதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாராம்.

அவர் போன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. நானும் ஜெயராணியும் ரயில் விட்டு வந்தபோது வாசலிலேயே நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், பலாச்சுளையைத் தின்றுகொண்டேதான். ஜெயராணி ஒரு சுளையைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாயில் சுவேதா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தபடி இருந்த ஜெயராணி, "நான் செத்துட்டேனா மாமா?" என்றாள். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ரயிலில் அவள் தூங்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் தலை சாயவில்லை. என் தோள் வெறுமென்று இருந்தது.

"நான் நின்னுடப் போறேன்க்கா. இன்னிக்கே எழுதிக் குடுத்துடப் போறேன்."

"பாதிக் கெணறு தாண்டிட்டு இப்ப என்னாடி பேச்சு?" என்று நான் சீறினேன். இவ்வளவு கஷ்டப்பட்டதைச் சொன்னேன், அன்பரசு கட்டிய ஃபீசைச் சொன்னேன், வேலை கிடைத்தால் வரப்போகிற நல்ல நாளைச் சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நான் பேசியதில் எனக்கே பிடிமானம் இல்லை. புதுச்சத்திரத்தில் ரயில் நின்றபோது சட்டென்று எழுந்தாள்.

"மொதல்ல புள்ளகிட்ட போறேன். நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியணும்" என்று இறங்கிவிட்டாள். நானும் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தேன். என் வேலை வாழ்நாளில் நான் பாதி வழியில் இறங்கியது அன்றுதான். ரயில் போன பிறகு அந்தச் சின்ன ஸ்டேஷனில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. வெயில் அப்போதுதான் மண்ணில் கால் வைத்திருந்தது. வெள்ளைக் கோட்டோடு அவள் தண்டவாளத்தின் ஓரமாக நடந்ததைப் பின்னாலிருந்து பார்த்தபோது, இவள் உண்மையிலேயே யாருடைய கனவிலிருந்தோ இறங்கி வந்தவள்தானோ என்று இருந்தது. மெயின் ரோட்டில் நின்று, கிடைத்த பஸ்ஸில் ஏறி, முதுநகர் வந்து சேர்ந்தபோது அங்கன்வாடி திறந்திருந்தது.

வாசலில் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் உள்ளே ஒரே ஓலம். தடுப்பூசி போட வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் டீச்சரின் சேலைக்குள் புகுந்துகொண்டன.

"இன்னிக்கி ஊசி நாளு இல்லியேம்மா?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"நான் சுவேதா அம்மாங்க."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ... அந்தப் பலாப்பழம்..." என்றார்.

"நல்ல இனிப்பு" என்றேன். வேறு என்ன சொல்ல?

சுவேதா மட்டும் அழவில்லை. வாசலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஓடி வரப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அவசர அவசரமாகப் பாயில் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஜெயராணி பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "சுவேதா, அம்மா வந்துருக்கேன். கண்ணத் தொற."

"மாட்டேன். தொறந்தா போயிடுவே."

"போவ மாட்டேன்டி தங்கம்."

"பொய்யி. காலைல தொறந்தேன், நீ இல்ல." கண் மூடியபடியே அம்மாவின் கோட்டைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டது. "அதுக்குத்தான் நான் தெனம் சீக்கிரமா தூங்குறேன். தூங்குனாதான நீ வருவே?"

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை சமத்தாகத் தூங்கியது அம்மாவை வரவழைப்பதற்காக. அது தூங்கித் தூங்கி அம்மாவை அழைத்திருக்கிறது. வந்தவளோ தூக்கம் கலையக் கூடாது என்று காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்திருக்கிறாள். கோபப்படலாம் என்று பார்த்தால் கோபப்பட ஆள் யாரும் இல்லை. கொளஞ்சியம்மாளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

ஜெயராணி அழவில்லை. அவள் பிள்ளையின் காதோரம் குனிந்து, "இன்னிக்கி சாயந்தரம் தூங்காத. எவ்ளோ நேரமானாலும் முழிச்சிக்கினே இரு. முழிச்சிக்கினு இருந்தாலும் அம்மா வருவேன்" என்றாள்.

ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது. "நெசமா?"

"நெசமா."

இன்னொரு கண்ணும் திறந்தது. அம்மா அங்கேயே இருந்தாள். சுவேதா அவள் மூக்கைத் தொட்டாள், கொண்டையைத் தொட்டாள், கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு அழுதுகொண்டிருந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "எங்கம்மா ஊசி போட மாட்டாங்க" என்றது.

மதியச் சாப்பாடு வரை மகளை மடியில் வைத்திருந்துவிட்டு, ஜெயராணி எழுந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கடி போற? காலேஜுக்கா? எழுதிக் குடுக்கவா?"

"எழுதிக் குடுக்கலக்கா. புள்ளகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். போனாத்தான வர முடியும்?" என்றாள்.

காலையில் விட்ட மணி நேரங்களுக்காக இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும் என்றாள். அந்த பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எந்தக் கனவும் வரவில்லையாம்.

அன்று சாயங்கால ரயில் வழக்கத்தைவிடத் தாமதம். ஆலப்பாக்கத்திலிருந்தே அவள் எழுந்து கதவோரம் நின்றுவிட்டாள். "தூங்கியிருக்கும்க்கா. சின்னப் புள்ளதான, எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

முதுநகர் பிளாட்பாரத்தின் விளக்கடியில் அன்பரசு நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் சுவேதா. தலை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கை விரல்களாலும் இமைகளை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, செக்கச் சிவந்த கண்களால் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ரயில் நிற்பதற்கு முன்பே ஜெயராணி இறங்கி ஓடினாள். நான் திட்டினேன். நர்சுக்குப் படிக்கிறவள் செய்கிற வேலையா அது?

"அப்பா, நான் தூங்கவே இல்ல. அப்பிடியும் வந்துட்டாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே சுவேதா அம்மாவிடம் தாவினாள். வீடு வருகிற வரையில் வாய் மூடவில்லை. யார் யாரைக் கடித்தது, யார் பல்பத்தைத் தின்றது, டீச்சர் எதற்கு அழுதார், எல்லாம் சொன்னது. ஜெயராணி ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டே நடந்தாள். கடை வாசலுக்கு வந்ததும் பிள்ளை அவள் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பியது.

"நாளைக்கும் தூங்காம இருக்கட்டா?"

"இருடி" என்றாள் ஜெயராணி.