பொரிப்பகத்தில் ஒரு சுவிட்சைக் காக்க வைத்தது

போன புதன்கிழமை நான் நாமக்கல் போனதற்குக் காரணம் மலைக்கோட்டை அல்ல, ஒரு நெட்வொர்க் சுவிட்சின் அவசரம். பரமத்தி சாலையில் ஒரு குஞ்சு பொரிப்பகம். கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கே எச்சரிக்கைத் திரை இரண்டு நிமிடம் குருடாகிவிடும். போன மாதம் அந்த இடைவெளியில் ஓர் இயந்திரத்தின் விசிறி நின்றது. எச்சரிக்கை வந்து சேரவில்லை, குஞ்சுகள் உள்ளேயே செத்தன. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் தேடிக்கொள்வதாக மேற்பார்வையாளர் கோமதியிடம் முதலாளி சொல்லிவிட்டார்.

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். நாமக்கல்லில் இறங்கியதும் ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய்.

"ஏனுங்க, குஞ்சு வாங்கவா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, கம்ப்யூட்டர் வேலை."

"கோழிக்குக் கம்ப்யூட்டரா? எம்பையனுக்கே இன்னும் வாங்கித் தரலீங்க."

பொரிப்பகத்துக்குள் குளிக்காமல் யாரும் போக முடியாது. நோய் தொற்றிவிடுமாம். சோப்பு, துண்டு, அவர்கள் தரும் உடை, ரப்பர் பூட்ஸ். காலையில் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று கதவுக்கு இப்பாலிருந்து சொன்னேன்.

"அது உங்களுக்குக் குளிச்சதுங்க சார். இது குஞ்சுக்கு. தலைக்கும் ஊத்திக்கோங்க" என்றார் கோமதி.

எந்தக் கோயிலுக்கும் நான் இவ்வளவு சுத்தமாகப் போனதில்லை. உள்ளே போனதும் அது பொருத்தமாகவே பட்டது. ஆளுயர இயந்திரங்கள் வரிசையாக நின்றன. கண்ணாடி வழியே பார்த்தால் தட்டுத் தட்டாக முட்டைகள் தாமாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கீச்சொலிகள் சேர்ந்து மழைபோல் கேட்டன. வந்த வேலையைச் சிறிது நேரம் மறந்து நின்றேன்.

கோளாறு எளியது. இயந்திரங்களின் தகவலைத் திரைக்குக் கொண்டுசேர்க்க அங்கே இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகள். முதலாவது படுத்தால் இரண்டாவது பொறுப்பேற்கும். முதலாவதின் பேட்டரி பழசு என்பதால், ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் அது அணைந்துவிடும். மீண்டும் எழுந்தவுடனே, தன் பாதைகள் எதுவும் தயாராகாத நிலையில், தலைமைப் பதவியைக் கேட்கும். இரண்டாவது பணிவாக விட்டுக்கொடுத்துவிடும். பாதைகள் தயாராகும்வரை திரை குருடு. விலை கூடிய அந்த முதல் பெட்டி ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாதென்று முதலாளிதான் அப்படி அமைக்கச் சொன்னாராம். எழுந்தபின் மூன்று நிமிடம் பொறுத்துப் பதவியேற்கும்படி ஒரு வரி எழுதினேன். இனிச் சோதிக்க வேண்டும்.

"இன்னைக்குப் பொரிப்பு நாளுங்க. நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?" என்றார் கோமதி.

"கரண்ட் நாள் பார்த்துங்களா போகும்?"

கோமதி ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் ஓர் ஆளை நிறுத்திவிட்டு வந்து தலையசைத்தார். முதலாவதின் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டாவது பொறுப்பேற்றது. மறுபடி செருகினேன். முதலாவது எழுந்தது, விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஆனால் அது எதையும் கேட்கவில்லை. பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தகுதி வரும்வரை காத்திருந்த ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன். உண்மையாகவே மெய்சிலிர்த்தது. மூன்று நிமிடம் கழித்துச் சத்தமில்லாமல் பொறுப்பை வாங்கிக்கொண்டது. திரையில் ஓர் எண்கூட மறையவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மாற்று உடை கொண்டுபோக வேண்டாம், அவர்களே தருவார்கள். எழுதிய வரியைச் சேமித்துவிட்டுச் சோதியுங்கள், இல்லையென்றால் சுவிட்ச் எழும்போது அதை மறந்திருக்கும். உங்கள் சோதனை முடிந்ததும் எழுந்து, அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு வழிவிடுங்கள்.

கோமதி என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே பிளக்கைப் பிடுங்கினார். செருகினார். மூன்று நிமிடமும் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. பிறகு போனை எடுத்தார்.

"மொதலாளிங்களா? நானே புடுங்கிப் பாத்துட்டனுங்க. வேற ஆளு தேட வேண்டாமுங்க."