பத்தொன்பதிலிருந்து

சிமென்ட் கிடங்கில் அப்பாவின் உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலர் முதல் லாரி டிரைவர்கள் வரை எல்லோருக்கும் அவர் ‘பத்தொன்பது’. அது அவருடைய வரிசை எண் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்பா திருத்த மாட்டார். மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்துவிடுவார்.

ஐம்பது கிலோ மூட்டையை அவர் தோளில் வைத்து நான் பார்த்ததில்லை. கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் வாங்குவார். வாயையும் மூக்கையும் சுற்றி ஈரத்துணி கட்டியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து முதலில் தலையைத் துணியால் தட்டித் துடைப்பார், பிறகுதான் தண்ணீர். அவசரப்பட்டு முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் முடி இறுகிவிடும். சிமென்ட் தின்று விரல் நுனிகளில் தோல் செத்துப்போயிருந்தது. சதுரங்கக் காயை எல்லோரும் விரல் நுனியால் எடுப்பார்கள். அப்பா மட்டும் இரண்டு விரல்களின் நடுக் கணுவுக்குள் இடுக்கி எடுத்து வைப்பார். அந்தப் பிடியில் ஒரு காய்கூட நழுவி நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பத்தொன்பது என்ற பெயரைத் தந்தது ஓர் ஆட்டம். நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு ஆடியது.

அப்போது அப்பாவும் ‘ஆபீசர்’ என்று பிறகு பெயர் வாங்கிய அவருடைய நண்பரும் ஒரே குழுவில் தற்காலிகச் சுமைக்காரர்கள். சாப்பாட்டு இடைவேளையில் மூட்டை அடுக்கின் மேல் பலகை போட்டு ஆடுவார்கள். கம்பெனி, கிளைகளுக்கு இடையே சதுரங்கப் போட்டி நடத்தியது. ஜெயிப்பவருக்கு அலுவலகத்தில் நிரந்தர வேலை என்று அறிவித்தார்கள். கடைசிச் சுற்றில் மிஞ்சியது இவர்கள் இருவரும்தான். அப்பா வெள்ளை, ஆபீசர் கறுப்பு. இருபத்தாறாவது நகர்த்தலில் அப்பா தோற்றார். ஆபீசர் கண்ணாடி அறைக்குள் போனார். அப்பா மூட்டைக்குத் திரும்பினார்.

பேச்சு முற்றும்போதெல்லாம் அம்மா அதைத்தான் எடுப்பாள். “கூட மூட்டை தூக்கினவன் நாற்காலியில உட்கார்ந்திருக்கான். உங்களுக்கு மூட்டைதான் எழுதி வச்சிருக்கு.”

“அவன் நல்லா ஆடினான், ஜெயிச்சான். அதுல என்ன இருக்கு?” என்பார் அப்பா. குரலில் கசப்பு இருக்காது. நல்ல ஆட்டத்தில் நியாயமாகத் தோற்றோம் என்ற அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் அவர் தன் இருபத்துநாலு வருடத்தையும் அடுக்கி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கம்பெனியின் மாத இதழில் அந்த ஆட்டத்தின் ஒரு நிலையைப் படமாகப் போட்டிருந்தார்கள். வெள்ளை பத்தொன்பதாவது முறை ஆடி முடித்த நிலை. இரண்டு பேரும் ஆளுக்கொரு யானையை மூலையில் தின்றிருந்தார்கள். அப்பாவின் ராணி கறுப்பு ராஜாவின் பக்கத்திலேயே வந்து நின்றது, அடுத்த அடியில் ஆளை முடித்துவிடும் நிலை. ஆனால் அவருடைய சொந்த ராஜாவும் மறைவில்லாமல் நடுவில் நின்றது. இப்போது கறுப்பின் முறை, என்ன ஆடுவீர்கள் என்று கேள்வி. விடை அடுத்த பக்கத்தில்: காஸ்லிங். ஒரே அடியில் கறுப்பு ராஜா இரண்டு கட்டம் தாண்டி ஒளிந்துகொள்ள, யானை திறந்த வரிசைக்கு வந்து வெள்ளை ராஜாவுக்கு செக் சொன்னது. யாரும் எதிர்பார்க்காத அடி. அந்தப் பக்கத்தை வெட்டி ஒரு நோட்டின் முதல் தாளில் ஒட்டியிருந்தார் அப்பா. பின்னால் வந்த பக்கங்கள் முழுக்க அவர் எழுத்து. அந்தக் காஸ்லிங்குக்குப் பிறகு தான் என்ன ஆடியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்ற தேடல்.

தேடுவது ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மோட்டார் வைண்டிங் கடையில். கடைக்காரர் அன்று கதவைப் பாதி மட்டும் திறந்திருப்பார். செப்புக் கம்பி சுற்றி வந்த பெரிய மரச்சக்கரத்தைப் படுக்கப் போட்டால் அதுதான் மேசை. உள்ளே எப்போதும் வார்னிஷ் நெடி. அப்பா, ஆபீசர், வைண்டிங்காரர், மூன்றே பேர். வேறு ஆட்டங்களும் பார்ப்பார்கள், ஆனால் எங்கே சுற்றினாலும் கடைசியில் பத்தொன்பதுக்கு வந்துவிடுவார்கள். காய்களை அந்த நிலைக்கு அடுக்குவது ஆபீசர். பலகையைப் பார்க்காமலே, அரை நிமிடத்தில் அடுக்கிவிடுவார்.

“ஆபீசர் கைக்குக் கண்ணு இருக்கு,” என்பார் வைண்டிங்காரர். “ஆபீஸ்ல ஒரு ஃபைல் கேட்டா மட்டும் மூணு நாள் ஆகுது.”

“அங்க உனக்கு என்னடா ஃபைல்? நீ சுத்திக் கொடுத்த மோட்டார்தான் மூணு நாள்ல புகை விடுது.”

அப்பா சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவார். போன வருடம் அந்த இருமல் நிற்காமல் போனது. நுரையீரலில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்பா அதையும் ஒரு நிலையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். “வெள்ளை ஜெயிக்கிற நிலைதான்,” என்றார். மருத்துவருக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கி ஒரு கணக்கெடுப்பு அலுவலகத்தில் தரவு உள்ளிடுகிறேன். அப்பாவின் மூட்டைகள்தான் என்னைப் படிக்க வைத்தன. அதற்குத் திருப்பித் தர என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது நோட்டு நினைவுக்கு வந்தது. அதைத் தட்டச்சு செய்து, படங்களோடு சின்னப் புத்தகமாக்கி, இருக்கும்போதே அவர் கையில் கொடுக்கலாம். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் ஆட்டம் முதல் நகர்த்தலிலிருந்து வேண்டும் அல்லவா? தகரப் பெட்டியில் என் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் ஆட்டக் குறிப்புத் தாள் கிடைத்தது. ஆடும்போதே அப்பா எழுதிய நகல், கார்பன் மங்கி நீலமாக இருந்தது.

மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் நகர்த்தல்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டேன். பத்தொன்பது வந்தது. காஸ்லிங்கை நிரல் ஏற்க மறுத்தது. மறுபடி அழுத்தினேன். ராஜா கிளம்பி, கிளம்பிய இடத்துக்கே திரும்பியது. நான்தான் தவறாக அடித்திருப்பேன் என்று முதலிலிருந்து மூன்று முறை அடித்தேன். மூன்றாவது முறைதான் பதினொன்றாவது வரியைப் படித்தேன். கறுப்பு ராஜா எஃப் எட்டு. செக்குக்குப் பயந்து ஒரு கட்டம் விலகியிருக்கிறது. பதினான்காவது வரியில் மறுபடி ஈ எட்டு, பழைய இடம். ஒருமுறை நகர்ந்துவிட்ட ராஜா, வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் காஸ்லிங் செய்ய முடியாது. ஆட ஆரம்பிக்கும் குழந்தைக்குக் கூடச் சொல்லித் தருகிற விதி. அன்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டம் வெட்டுக்குத்தாக இருந்தது, ராஜா வீட்டில் நிற்பதைப் பார்த்து அது வெளியே போய் வந்ததை மூவருமே மறந்திருக்கிறார்கள். ஆடிய இருவர், நடுவர்.

இரண்டு வாரம் நான் சொல்லவில்லை. அப்பா இருமும்போதெல்லாம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா நாற்காலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நியாயத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் இருபத்துநாலு வருடம் பார்க்காததை நான் ஒரு மதியத்தில் பார்த்துவிட்டேன் என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிறு நானும் கடைக்குப் போனேன். ஆபீசர் காய்களை அள்ளி வழக்கம்போல் அடுக்கத் தொடங்கினார்.

“மாமா, இன்னிக்கு முதல்லேர்ந்து ஆடிப் பாக்கலாமா? தாள் கிடைச்சிருக்கு.”

அவர் கை நின்றது. “எதுக்கும்மா? முன்னாடியெல்லாம் எல்லாரும் ஆடுறதுதான். பத்தொன்பதுலதானே விஷயமே இருக்கு.”

“விடுடா. படிச்ச பொண்ணு கேக்குது,” என்றார் அப்பா. தாளை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீயே வாசி. எனக்குக் கண்ணாடி வேணும்.”

நான் வாசித்தேன். அப்பா வெள்ளையை நகர்த்தினார், ஆபீசர் கறுப்பை. அப்பாவுக்கு உற்சாகமாக இருந்தது. “இந்தச் சிப்பாயை நான் தள்ளினதே மறந்துபோச்சு பாரு,” என்றார். பதினொன்று வாசித்தபோது ஆபீசர் ராஜாவை மெதுவாக நகர்த்தினார். பதினான்கில் திரும்ப வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

பத்தொன்பது. அப்பா தன் குதிரையை இடுக்கி எடுத்து வைத்தார்.

“காஸ்லிங்,” என்று வாசித்தேன்.

ஆபீசர் தன் ராஜாவைப் பார்த்தார்.

“போடுங்க ஆபீசர். இதை இன்னிக்கு நேத்தா போடுறீங்க?” என்றார் வைண்டிங்காரர்.

ஆபீசர் கை நீண்டு ராஜாவைப் பிடித்தது. இருபத்துநாலு வருடப் பழக்கம். தூக்கிய கை பாதி வழியில் நின்றது.

அப்பா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் எஃப் எட்டு கட்டத்தைத் தொட்டது, பிறகு ஈ எட்டைத் தொட்டது. மறுபடி எஃப் எட்டு. என் கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணாடி இல்லாமலே, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வைடா கீழ,” என்றார்.

ஆபீசர் ராஜாவை அதே கட்டத்தில் வைத்தார்.

“தொட்டுட்டே. ராஜாவைத்தான் நகர்த்தணும்.”

“டேய்...”

“தொட்ட காயை ஆடணும். விதி தெரியாதா உனக்கு?”

கறுப்பு ராஜா போகக்கூடியது ஒரே கட்டம். பக்கத்தில் டி எட்டு. மற்ற எல்லாவற்றையும் அப்பாவின் ராணியும் குதிரையும் அடைத்திருந்தன. ஆபீசர் அங்கே நகர்த்தினார். அப்பாவின் ராணி மந்திரியை வெட்டி செக் சொன்னது. ராஜா ஓர் அடி ஒதுங்கியது. மறுபடி செக். மூலைக்குப் பக்கத்தில், தன் யானையையே உரசிக்கொண்டு நின்றது. ராணி சிப்பாயை வெட்டி அதன் முன்னால் உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்தது.

“மூணே அடி,” என்றார் அப்பா. “ஒரு சிக்கலும் இல்ல.”

நோட்டு மேசையின் ஓரத்தில் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார் அப்பா.

ஆபீசர் தலை குனிந்திருந்தார். “ஆடுறப்போ தெரியாது. பிள்ளைங்க மேல சத்தியமா தெரியாது. சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஆட்டத்தோட அசல் தாளை ஃபைல் பண்ணச் சொன்னாங்க. அப்பதான் பார்த்தேன்.”

“ரெண்டு மாசம்.”

“அதுக்குள்ள வீடு மாத்திட்டேன், கல்யாணம் பேசிட்டாங்க. தோத்தேன்னு நீயும் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தே. சொன்னா மட்டும் என்னடா ஆகியிருக்கும்?”

“அதைச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும்,” என்றார் அப்பா.

வைண்டிங்காரர் எழுந்து போய், அணைந்திருந்த ஸ்டவ்வின் மேல் தேநீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, அதைப் பற்றவைக்காமல் நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடம் ஒரு பூட்டிய கடையின் படி. அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

“ஏன் சொன்னே?”

“நீங்க நியாயமா தோக்கலைப்பா. அது உங்களுக்குத் தெரியணும்னு...”

“அவன் என்னை ஏமாத்தலை,” என்றார் அப்பா. “பதினொண்ணுல ராஜா நகர்ந்துதுன்னு எழுதினது என் கை. பதினாலுல திரும்பி வந்துதுன்னு எழுதினதும் என் கை. எழுதிட்டு நானே பார்க்கலை. முன்னாடி அவன் நல்லா ஆடினான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இனிமே என்ன சொல்றது?” படியைப் பிடித்து எழுந்துகொண்டே, “அம்மாகிட்ட சொல்லாதே,” என்றார்.

சொல்லவில்லை. அம்மா இப்போதும் நாற்காலியைப் பற்றிப் பேசுகிறாள். அப்பா முன்பு சொல்லும் பதிலைச் சொல்வதில்லை. அவர் சும்மா இருப்பது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது.

அடுத்த ஞாயிறு காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைண்டிங்காரர் தேடி வந்தார். “அண்ணே, ஆபீசர் ரெண்டு தரம் வந்து கேட்டுட்டுப் போறாரு. ஒரு ஆட்டத்துக்காகப் பழகினதெல்லாம் பொய்யாகிடுமா?”

“பொய்யில்ல,” என்றார் அப்பா. “எனக்கு மூச்சு வரலைப்பா. அவ்வளவு தூரம் நடக்க முடியாது.” அது உண்மையும்தான். ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் அப்பா உள்ளே கூப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

புத்தகத்தை நான் அச்சடிக்கவில்லை. அப்பாவும் நோட்டைத் தொடுவதில்லை. இப்போது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து, நீல எழுத்துத் தாளைப் பார்த்து முதல் நகர்த்தலிலிருந்து ஆடுகிறார். வெள்ளைக்கும் அவரே, கறுப்புக்கும் அவரே. பதினொன்றில் கறுப்பு ராஜாவை இடுக்கி எடுத்து எஃப் எட்டில் வைக்கிறார். அங்கே கொஞ்ச நேரம் பார்க்கிறார், அது அங்கேதான் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்வதுபோல. பதினான்கில் திரும்ப எடுத்து வைக்கிறார். பத்தொன்பதுக்கு முன்னால் மூச்சு முட்டிவிடுகிறது. நான் போய் முதுகைத் தடவிக் கொடுத்து, காய்களை டப்பாவில் போடுகிறேன்.

நேற்று ஒரு கறுப்புச் சிப்பாய் அவர் விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். “எங்க நின்னுது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “சரி, முதல்லேர்ந்து வைக்கிறேன்,” என்று பலகையைக் கலைத்தார்.