மூன்றாம் பாட்டில் இரண்டு அடி

காஞ்சிபுரத்தில் காது என்று ஒன்று இருப்பது தனக்கு மட்டும்தான் என்று சபாபதி நாற்பது வயதுவரை நம்பினார். மற்றவர்களுக்கு இருந்தவை கடுக்கன் மாட்டிக்கொள்ள ஏற்பட்ட சதை, அவ்வளவுதான்.

தொழில் மைக் செட். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவது தன் மூளைக்கு இழுக்கு என்று இருபது வயதில் எழுந்து வந்து, ‘கச்சபேசன் சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை மாட்டினார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர். கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம் எதுவானாலும் தெருவுக்குப் பாட்டுப் போட்டது அவர்தான். போட்டாரே தவிர அந்தப் பாட்டுகளை அவர் மதிக்கவில்லை. கேட்டவர்களை அதைவிடவும் மதிக்கவில்லை.

“ஒரே பாட்டை நாலு தபா போடச் சொல்றாம்பா. முதல் தபா கேட்டிருந்தா ஏன் ரெண்டாவது தபா கேக்கறான்?” என்பார். சங்கீத சபாவுக்கும் அவர்தான் மைக். முன்வரிசைப் பெரியவர்கள் தொடையில் தாளம் போடுவதைக் கம்பத்தின் ஓரமாக நின்று கவனிப்பார். “பாட்டைப் பாத்தா போடறான்? பக்கத்துத் தொடையப் பாத்துப் போடறான்” என்று வயரைச் சுருட்டிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பினாலேயே இரண்டு சபாக்காரர்கள் வேறு மைக் செட்டுக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டார். ரசனை கெட்டவனின் வாடிக்கை யாருக்கு வேண்டும்?

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு தெய்வம் வாய்த்தது 1964இல். ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு வாங்க மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போனவர், பழைய ரெக்கார்டுக் குவியலில் கிழிந்த உறை ஒன்றைப் பார்த்தார். கறுத்த மனிதர் ஒருவர் பியானோவின் மேல் கவிழ்ந்து, சாவியைத் தொலைத்தவரைப் போல அந்தக் கட்டைகளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெயர் வெர்னன் டோபின். கடைக்காரர் வால்வோடு சேர்த்துச் சும்மா கொடுத்துவிட்டார். விற்காது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். முதல் பாட்டு முடிவதற்குள் சபாபதி தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது கை குத்துகிறது, வலது கை அதற்குப் பதில் சொல்கிறது. பஜனையில் ஒருத்தர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போல. முகத்தில் அறைவது போன்ற அழுத்தம், அதற்குள்ளேயே ஒரு துக்கம். உறையின் பின்பக்கத்தை அகராதி வைத்துப் படித்து அது ஜாஸ் சங்கீதத்தில் ‘ஹார்ட் பாப்’ என்ற வகை என்பதையும் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவர் ஊரைப் பார்த்த பார்வையே மாறியது. முன்பு இகழ்ச்சி மட்டும் இருந்தது, இப்போது இகழ ஆதாரமும் கிடைத்துவிட்டது.

மூன்றாம் பாட்டுதான் அவர் உயிர். அதில் பியானோ படபடவென்று இறங்கி வந்து ஓர் இடத்தில் சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு அளவு ஒன்றும் இருக்காது. பிறகு, டக் டக் என்று இரண்டு அடி. அதை வாங்கிக்கொண்டு பியானோ மறுபடி கிளம்பும். ஏழு நிமிஷப் பாட்டில் எட்டு முறை இப்படி வரும். எட்டு முறையும் சபாபதிக்குக் கண் கலங்கும்.

தினமும் மாலை மூன்று மணிக்கு இந்தப் பூஜை. அதற்கு விதிமுறைகள் உண்டு. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அம்மிச் சத்தம் கூடாது, குழாயடிப் பேச்சு கூடாது. மனைவி ஏலவார்குழலி எழுந்து நடந்தால் பாத்திரம் உருளும் என்பதால், அவள் தறியில் உட்கார்ந்த பிறகுதான் முள்ளை வைப்பார். தறிச் சத்தம்? அதைச் சத்தமென்று பிள்ளையார்பாளையத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிறந்த நாளிலிருந்து கேட்பது. அமாவாசையன்று தறிகள் நின்றால்தான் தெருவே திடுக்கிடும். அன்று சபாபதி கோயில்களில் மைக் கட்டப் போயிருப்பார்.

ஏலவார்குழலி தனியாளாக நெய்யக்கூடிய புடவைகளை நெய்தாள். காலால் மிதித்து, இழையைக் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ளி, பலகையை ஒரு தரம் இழுத்து அடிப்பாள். ஓர் இழைக்கு ஓர் அடி. சீரான கை என்று தெருவில் பெயர். ஆனால் முதலாளி நமச்சிவாயம் மட்டும் ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளிப்பார்.

“இன்னாம்மா இது? அங்கங்க நாலு விரல் அகலத்துல எட்டு கோடு வுழுது. எண்ணிப் பாரு, எப்பவும் எட்டு. பலகை ரெண்டு தரம் வுழுந்தாதான் இப்படி இழை நெருங்கும். கை தூங்குதா?”

வீட்டில் இது தெரிந்தபோது சபாபதிக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. “கையில தாளம் வேணும் குழலி. அது பொறப்புல வரணும். உனக்கு எங்க இருந்து வரும்? போ, நாடாவத் தள்ளு” என்றார். ஒரு நாள் அவள் ரெக்கார்டைக் காட்டி, “அந்த மூணாவது பாட்டு நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டாள். சபாபதி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நல்லா இருக்குதா? சாம்பார்தான் நல்லா இருக்கும். இது வேற.”

ஊருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்காமலும் இல்லை. பரசுராமன் என்பவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன் டோபினைப் போட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை. பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார். “யோவ், பெட்டி ரிப்பேராப் போச்சா? மாப்ள ஊட்டார் வராங்கய்யா!” சபாபதி ரெக்கார்டை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். பன்றிகளுக்குப் பந்தி போட்டது தன் தவறு என்று சொல்லிக்கொண்டார். அதன் பிறகு டோபின் வீட்டைத் தாண்டியதில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. பத்து வருஷமாகத் தனியாகக் கேட்கிறவருக்கு, ‘ஆமாம், நீ ரசிகன்தான்’ என்று ஒரே ஓர் ஆளாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யார் யாரையோ இகழ்ந்த அந்த மனிதர் அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டினி கிடந்தார் என்றே சொல்லலாம்.

1974இல் அந்த ஆள் தெருவுக்குள் நடந்து வந்தார். சீனிவாசன், மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் பெரிய அதிகாரி. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர், உள்ளே ஓடிய பாட்டைக் கேட்டு சபாபதி வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“இது வெர்னன் டோபின் இல்லையோ? இங்கேயா!”

அந்த ‘இங்கேயா’வில் இருந்த இளக்காரம் சபாபதிக்கு உறைக்கவில்லை. பெயரைச் சொன்னாரே, அது போதும். சீனிவாசன் அட்டை ஒன்றைக் கொடுத்தார். மெட்ராஸில் டோபின் ரசிகர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களாம். டோபின் செத்து ஒரு வருஷம் ஆகிறதாம். அடுத்த ஞாயிறு நினைவுக் கூட்டம், சபாபதியும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். “ஒரு நெசவாளர் டோபினைப் பற்றிப் பேசறது எங்களுக்கெல்லாம் ரொம்பப் புதுமையா இருக்கும்.”

“நான் நெசவு இல்லீங்க. சவுண்டு சர்வீஸ்.”

“அதான், அதான்” என்றார் சீனிவாசன்.

ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டியும், துண்டில் சுற்றிய ரெக்கார்டுமாக நுங்கம்பாக்கத்து வீட்டில் போய் இறங்கினார். ஒவ்வொருவர் கையிலும் கண்ணாடித் தம்ளர், காலில் வீட்டுக்குள்ளேயே செருப்பு. எழுந்து எழுந்து பேசினார்கள். எந்த வருஷம் பதிவானது, எந்தக் கம்பெனி வெளியிட்டது, யார் யாரோடு சண்டை போட்டுப் பிரிந்தார் என்றெல்லாம். காதில் என்ன விழுந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இவர்களும் தொடை பார்த்துத் தாளம் போடுகிற கூட்டம்தான், தொடைக்கு மட்டும் பேன்ட் போட்டிருக்கிறார்கள் என்று சபாபதி முடிவு கட்டினார். அவர் முறை வந்தது.

“நான் வருஷமெல்லாம் பேச மாட்டேங்க. மூணாவது பாட்டுல பியானோ வந்து நிக்கும் பாருங்க, அங்க டிரம்காரன் ரெண்டு அடி போடுவான்.” மேஜையில் தட்டிக் காட்டினார், டக் டக். “அந்த ரெண்டு அடிக்காகத்தான் அந்த மனுசன் அங்க காத்துக்கினு இருக்கான். அது இல்லைன்னா அந்தப் பாட்டே இல்ல.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அங்கே டிரம்ஸ் கிடையாதே” என்றார் ஒரு கண்ணாடிக்காரர்.

தங்கள் ரெக்கார்டைப் போட்டார்கள். பியானோ இறங்கி வந்து நின்றது. ஒரு மூச்சு அமைதி. எதுவும் இல்லாமலே மறுபடி கிளம்பியது.

“உங்க ரெக்கார்டு மோசம் சார்” என்று சபாபதி துண்டை அவிழ்த்தார். அவருடைய ரெக்கார்டே சுழன்றது, அதே கரகரப்போடு. பியானோ இறங்கியது, நின்றது. அமைதி. எட்டு முறையும் அமைதி. ஓர் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனிவாசன் பெருந்தன்மையாகத் தோளில் தட்டினார். “பரவாயில்லை. உங்க ஊர்ல கோயில் மேளம் ஜாஸ்தி. அந்த ஞாபகம் கலந்திருக்கும்.”

பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை சபாபதி தலை நிமிரவில்லை. அவமானம் பெரிதில்லை, அந்தத் தம்ளர்காரர்களை அவர் எப்போது மதித்தார்? தன் காதே தன்னை ஏமாற்றியதுதான் தாங்கவில்லை. பத்து வருஷமாக இல்லாத ஒன்றைக் கேட்டு அழுதிருக்கிறார். ஊர் முழுவதும் செவிடு என்று சொன்ன வாய்.

மறுநாள் மூன்று மணி. போட வேண்டாம் என்றுதான் இருந்தார், கை கேட்கவில்லை. குழலி தறியில் இருந்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாட்டு வந்தது. பியானோ இறங்கி நின்றது. இரண்டு அடி இங்கேயும் இல்லை. தறியின் ஒற்றை அடி மட்டும் ஒரே சீராக, எதையும் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில்கூட இல்லை. அப்படியானால் பைத்தியம்தான் என்று சபாபதி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார்.

“வெறிச்சினு இருக்குதில்ல?” என்றாள் குழலி, தறியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

“இன்னாது?”

“அந்த எடம்தான். ரெண்டு அடி இல்லாம.”

சபாபதி துண்டை இறக்கினார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் போட்டதுதானே. அந்த மனுசன் அவ்ளோ வேகமா வந்து, அந்த எடத்துல ஒண்ணுமில்லாம நிக்கறாரு. பாவமா இருந்துச்சு. சரின்னு பலகைய ரெண்டு தரம் அடிச்சேன். நல்லா இருந்துச்சு, அப்படியே பழகிடுச்சு.” நாடாவைத் தள்ளினாள். “நீங்க மெட்ராஸ் போன அன்னைக்கு முதலாளி வந்தாரு. இனிமே ஒரு கோடு வுழுந்தாலும் நெய்ய பாவு நூல் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அதான் நிறுத்திக்கினேன். உங்ககிட்ட சொல்லலாம்னா, எனக்குத்தான் தாளமே இல்லையே.”

எட்டு கோடு. புடவைக்குப் புடவை, நாலு விரல் அகலத்தில் எட்டு கோடு. எத்தனையோ கல்யாணப் பெண்கள் அந்தப் பாட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கஜ தூரத்தில் அடித்த கையை அது பத்து வருஷமாகக் கேட்கவில்லை.

“ஒரே ஒரு தபா அடி குழலி.”

“பாவு போனா நீங்களா நெய்யப் போறீங்க?”

“கோடு வுழட்டும். நான் அடிச்சேன்னு முதலாளிகிட்ட நானே சொல்றேன். எழுந்திரு.”

இருபது வருஷத்துக்கு முன் இழுக்கு என்று எழுந்து வந்த குழியில் மறுபடி காலை இறக்கினார். ஒரு தறிக்காரன் பெற்ற பிள்ளை, பெரிய ரசிகர், எட்டு இடமும் மனப்பாடம். குழலி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் முள்ளை வைத்தாள். பியானோ படபடவென்று இறங்கி வந்தது. நின்றது. சபாபதி பலகையை இழுத்து அடித்தார்.

பியானோ அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. அவர் அடித்த இரண்டு அடியும் அதன் முதுகில் போய் விழுந்தன. அடுத்த இடத்தில் முந்திக்கொண்டார். அதற்கடுத்ததில் ஓர் அடிதான் விழுந்தது.

குழலி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, ஓர் இழை குறையாமல்.

“பத்து வருசமா இன்னாத்தத்தான் கேட்டீங்க?” என்றாள்.

சபாபதி குழியிலிருந்து மெல்ல ஏறி, அவளுக்கு வழிவிட்டு, முள்ளை எடுத்து மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்.