எப்போ எடுக்கிறாங்க?

இந்த ஊரில் எந்த வீட்டில் சாவு என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் தெருத் தெருவாக லாரி ஓட்டுகிறேன். ஒரு பந்தல், வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேளச் சத்தம், எதுவும் கிடையாது. கறுப்புக் கார் ஒன்று மெதுவாகப் போகும், பின்னால் வருகிற வண்டிகள் முந்தாமல் ஊர்ந்து வரும், அவ்வளவுதான் இவர்கள் துக்கம். எனக்கு இது இன்னும் பழகவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் இறக்கியவன் நான். தெருமுனையில் திரும்பும்போதே வீடு தெரிந்துவிடும். "எப்போ எடுக்கிறாங்க?" என்று வாசலில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பெட்டியை இறக்கி, "பிளக் பாயின்ட் எங்கபா இருக்குது?" என்பேன். அத்தனை அழுகைக்கு நடுவில் கரண்டைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் நான்தான். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று ஆனால்தான் கிளம்புவேன்.

இங்கேயும் கிட்டத்தட்ட அதே வேலைதான் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். தம்பி ஐடியில் இருக்கிறான் என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஐடிதான், யார் இல்லை என்றது? ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர், பெரிய திரை, சர்வர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், இறக்கி, மாட்டி, ஓடவிட்டுத் திரும்ப வேண்டும். சர்வர் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும், அதற்கென்று குளிரூட்டிய அறை. மாட்டி முடித்ததும் என் கை தானாக அதன் மேல் போய்விடும். கூட வேலை செய்யும் கிரஹாம், ரிட்டையர் ஆகப்போகிறவர், "நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவுகிறாயே" என்று சிரிப்பார். ஏன் தடவுகிறேன் என்று அவருக்கு நான் சொன்னதில்லை.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நைனாவும் கேலிதான் செய்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "ஊருக்கெல்லாம் பெட்டி எறக்கினியே, எனக்கும் நீயே வந்து எறக்கிட்டுப் போபா" என்றார். "அதுக்கு இன்னும் நாள் கெடக்குது, சும்மா இரு நைனா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நாள் கிடக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஓர் ஆபீஸின் நிலவறையில் சர்வர் மாட்டிக்கொண்டிருந்தோம். அங்கே சிக்னல் கிடையாது. டீ குடிக்க மேலே ஏறியபோதுதான் அக்காவின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பேசினேன்.

"நைனா பூட்டாருபா. பெட்டி வந்துடுச்சி. நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கலாம்னு சொல்றாங்க. எவ்ளோ நேரம் தாங்கும்? உனக்குத்தான தெரியும்?"

எனக்குத்தான் தெரியும். அதோடு, என்னால் வரமுடியாது என்பதும் தெரியும். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். முடிவு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் ரத்து. மனைவியும் பிள்ளைகளும் அந்த ஒரு விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். காரணம் சரியானதுதான்.

"வைக்காதக்கா. எடுத்துடுங்க."

"அப்போ வாய்க்கரிசி?"

"எம்பேரச் சொல்லி நீயே ஒரு பிடி போட்டுடு."

அவள் அழுதாள். பிறகு போன் கட்டாகிவிட்டது.

கிரஹாம் என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்றார். செத்துப்போனார் என்பதற்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. மனசில் ஓடியதையே சொன்னேன். "தே ஆர் டேக்கிங் மை ஃபாதர் டுடே."

"ஹாஸ்பிடலுக்கா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதே. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்லாகிவிடுவார்."

எடுக்கிறாங்க என்ற நம் சொல்லை டேக்கிங் ஆக்கியதும் நைனா பிழைத்துக்கொண்டார். திருத்தியிருக்கலாம். ஆனால் நல்லாகிவிடுவார் என்று அன்றைக்குச் சொல்ல அந்த ஒரு மனிதர்தான் இருந்தார். தலையாட்டிவிட்டுக் கீழே போய் மிச்ச வேலையை முடித்தேன். அலமாரியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் கிரஹாம் ஓர் உறையை நீட்டினார். உள்ளே பூப்படம் போட்ட வாழ்த்து அட்டை, "கெட் வெல் சூன்." டெப்போவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அனுப்பு என்றார். கிழித்துப் போட மனம் வரவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

"கார்டு வந்துதுபா. அழகா இருக்குது. இன்னா எழுதிக்கிறாங்க?" என்று போனில் கேட்டாள்.

"சீக்கிரம் நல்லாயிடணும்னு."

கார்டைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நைனா படத்தாண்ட வச்சிக்கிறேன். அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை லாரியில் ஏறியதும் கிரஹாம், "அப்பாவுக்குக் கார்டு கிடைத்ததா? எப்படி இருக்கிறார்?" என்றார். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் சாம்பலைக் கரைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த லாரிக்குள் மட்டும் நைனா ஏதோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு தேறி வருகிறார், அவரை விசாரிக்க ஒரு ஆளும் இருக்கிறார்.

"கிடைத்தது. அவர் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

கிரஹாம் சந்தோஷமாக சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.