அஞ்சலை எங்கள் கண்ணாடிக் கடைக்கு எழுதிய நிரல்

செய்தி ஆக்லாந்திலிருந்து வந்தது. காலையில் இரண்டு பேர் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் தெருவும் மழையும் என் முகமும் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்தபடியே போனை எடுத்தேன். அஞ்சலையின் கணவர் முனுசாமி பேசினார். "அண்ணே, அஞ்சலை போயிட்டா" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். ஃபிஜியில், எங்கள் சமபுலாவில் இத்தனை வருஷமாக யாராவது ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டே நாக்கு பழகிவிட்டது.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். வுனிமோனோ கிராமத்தில் நெல் விளைத்த குடும்பத்துப் பெண். கோயிலில் கேட்ட தமிழையும் வீட்டில் பேசிய ஹிந்தியையும் ஒன்றாகக் கலந்து பேசுவாள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ மாதிரி இருந்தது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

என் கடையில் வேலை பார்த்தபோது அவள் செய்து கொடுத்தது ஒரு கணினி நிரல். சன்னலின் அளவுகளைச் சொன்னால், பெரிய தகட்டை எப்படி வெட்டினால் வீணாவது குறையும் என்று அது படம் போட்டுக் காட்டும். அதுவரை நான் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு, பாதியைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தவன். எங்கள் பழைய கணினியில் அந்த நிரல் திறக்கவே வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளையும் படித்து, தனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டு, பிறகுதான் வேலையைத் தொடங்குமாம். அந்த மாற்றத்தை முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம் என்றாள் அஞ்சலை. கறுப்புத் திரையில், அப்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலரின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினாள். பைட்கோடு என்று இன்னொரு கோப்பு உண்டானது. அதன்பின் கூப்பிட்டதும் திரை விழித்தது.

அந்தப் புதுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. எனக்கு அதில் ஏக சந்தோஷம். பக்கத்துக் கடைக்காரன் களவாடினாலும் அவனுக்கும் புரியாதே. அவள் சிரித்தாள். "பூட்டு இல்ல அண்ணே. மெஷினுக்குச் சுலபம், அவ்ளோதான். நாம படிக்கிறதுக்கு நான் எழுதின அந்த இன்னொண்ணு இருக்கணும்." முதல் பாதியே என் காதில் ஏறவில்லை, பின்பாதி எங்கே ஏறப் போகிறது?

பிறகு இரண்டாயிரத்தில் ஆட்சி கவிழ்ந்தது, கடைகளை உடைத்துச் சூறையாடினார்கள். தலைநகர் சுவாவின் கடைவீதியில் நடந்தால் காலடியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம், தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல. எங்கள் கடைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். உள்ளங்கையிலும் சிகரெட் பெட்டியிலும் அளவு எழுதிக்கொண்டு வந்தார்கள். அஞ்சலை அளவுகளைத் தட்டுவாள், திரையில் செவ்வகங்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வந்து அமரும். அப்படிக் கண்ணாடி மாட்டிக்கொண்டவர்களில் பலர் அது அழுக்காவதற்கு முன்பே கடையை விற்றுவிட்டுக் விமானம் ஏறினார்கள். விற்பதற்குத்தான் மாட்டினார்கள் என்று பிறகு புரிந்தது.

முனுசாமியும் அவர்கள் மகளும் முதலில் ஆக்லாந்து போனார்கள். அஞ்சலையின் குடியேற்ற மனுவுக்கு வேலை பார்த்த சான்றுக் கடிதம் வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். அன்றே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டேன். போட்டு இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டேன். பழைய இடத்திலிருந்து தகடு வருவது நின்று, வேறு அளவில் தகடு வரவிருந்தது. நிரலை மாற்ற வேண்டும், மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. நான் வியாபாரி, கையில் இருப்பதை விடாமல் பேசுவதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. கடையின் பெயர் போட்ட தலைப்புத் தாள் அச்சகத்திலிருந்து வரவில்லை, வக்கீலைக் கேட்க வேண்டும் என்று இரண்டு மாதம் இழுத்தேன். அங்கே அவள் மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாளும் அதற்குள் வந்து போனது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வெளிப்படையாகவே கேட்டேன். நாம் படிக்கிற நிரலைக் கொடு, கடிதம் தருகிறேன் என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பி ஒரு கட்டளை தட்டினாள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருந்தன, வால் மட்டும் வேறு.

"மொத நாள்லேர்ந்து ரெண்டும் இங்கதான் அண்ணே இருக்கு. நீங்க பாக்கல."

எனக்கு முகம் சுட்டது. அவளோ நாற்காலியை நகர்த்தி என்னை உட்கார வைத்தாள். தகட்டின் அளவு இருந்த வரியைக் காட்டி, என் விரலாலேயே மாற்றச் சொன்னாள். பின் கம்பைலரைக் கூப்பிடச் சொன்னாள். தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை, கோடு மட்டும் மினுங்கியது. கெடுத்துவிட்டேனோ என்று பயந்து அவளைப் பார்த்தேன்.

"அச்சா, அப்படித்தான் இருக்கும். தப்பு இருந்தாத்தான் பேசும்" என்றாள்.

வெளியே மழை விட்டிருந்தது. சாய்த்து வைத்த தகடுகளில் எல்லாம் வானம் நின்றது. எழுந்து போய்க் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன், அப்போதுதான் எழுதியது போல. அவள் "வினாகா, அண்ணே" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

செய்தி வந்த மறுநாள் நானே முனுசாமியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். இரண்டு மாதமும் கடிதம் என் இழுப்பறையில்தான் இருந்தது என்றேன். 

"அவளுக்குத் தெரியும் அண்ணே. ஸ்டேப்ளர் தேடுறப்ப பாத்துட்டா. கையெழுத்து கூட போட்டிருந்துச்சாமே."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"நானும் அதான் கேட்டேன். அண்ணன் குடுத்தாத்தான் அது லெட்டர், நான் எடுத்தா அது வேறன்னா."

அவளை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் மாலை போடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அந்த நிரல் இப்போது ஓடுவதில்லை, கடையில் வேறு ஏற்பாடு வந்துவிட்டது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இன்னொன்று. போன வாரம் என் மூத்த வெட்டுக்காரர், லோவு ஊரைச் சேர்ந்த தேவா, பிரிஸ்பேனுக்கு மனுப் போடக் கடிதம் கேட்டார். அவர் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் 'நல்ல வேலைக்காரர்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். திருத்தவில்லை.